சந்தா வாடிக்கையாளர்களுக்கு வாரம் தவறாமல் பில்: மென்பொருளில் அமைக்க முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் பணம் சனிக்கிழமை கைமாறும். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் அன்றைக்குத்தான். தையல் கான்ட்ராக்டர் கணக்கு, டீக்கடை பாக்கி, மளிகைக் கடைச் சிட்டை எல்லாம் அதை ஒட்டியே ஓடுகின்றன. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு கூடிச் செவ்வாயில் முடிகிறது. கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு வியாழன். இப்படி வாரக் கணக்கில் ஊறிய ஊர்க்காரர் ஒருவர் பில்லிங் மென்பொருளைத் திறந்து சந்தா வாடிக்கையாளரைச் சேர்க்கப் போனால், அது முதலில் நீட்டுவது மாதத்தை. அதை வாரமாக மாற்ற ஒரு சொடுக்குப் போதும். அந்தச் சொடுக்குக்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியவைதான் அதிகம். அவற்றைத் தீர்மானிக்காமல் சொடுக்கினால், தப்பான பில்லை மென்பொருள் வாரந்தவறாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் போடும் தொழிலை எடுத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு இத்தனை கேன் என்ற நிலையான அளவு, வெயில் ஏறினால் கூடுதல் கேன், டிஸ்பென்சர் வாடகை, காலி கேனுக்கு முன்பணம் என்று எல்லாச் சிக்கலும் அதில் இருக்கின்றன. பால், இளநீர், அலுவலகத்துக்குப் பூ, வாரக் காய்கறிக் கூடை, தையல் இயந்திரப் பராமரிப்பு என்று எதைச் செய்பவரும் தங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

யாருக்கு வாரம், யாருக்கு மாதம்

எல்லா வாடிக்கையாளரையும் வாரத்துக்கு மாற்றாதீர்கள். 60 பேருக்கு மாத பில் என்றால் ஆண்டுக்கு 720 பில். வார பில் என்றால் 3,120. ஒவ்வொன்றுக்கும் எண், வரவு, நிலுவை, திருத்தம் உண்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ள வாங்குபவருக்குப் போடும் ஒவ்வொரு பில்லும் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவத்தில் தனித்தனியாக ஏற வேண்டும்.

வாரச் சம்பளம் போடும் கம்பெனிகள், வாரத்துக்கு ஒருமுறை பேமென்ட் வவுச்சரில் கையெழுத்தாகும் நிறுவனங்கள், வாரத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குபவர்கள் ஆகியோருக்கு வார பில் பொருந்தும். கடன் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது என்பதுதான் இதன் முழுப் பயன். வீடுகளையும் ஐடி அலுவலகங்களையும் மாதத்திலேயே விட்டுவிடுங்கள். கோயம்புத்தூர் சரவணம்பட்டிப் பக்கத்து அலுவலகம் ஒன்றுக்கு வாரம் ஒரு பில் அனுப்பிப் பாருங்கள், நான்கையும் சேர்த்து மாதக் கடைசியில் ஒரே பில்லாகக் கேட்பார்கள். அவர்களுடைய நடைமுறை அது. மல்லுக்கட்டிப் பயனில்லை.

வாரந்தோறும் கணக்குச் சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் ஒரே ஜிஎஸ்டி பில் போடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். தொடர்ச்சியான சரக்கு வழங்கலுக்கு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 31(4) பிரிவு பொருந்தும். கணக்குச் சீட்டு கொடுக்கும்போதோ பணம் வாங்கும்போதோ, அதற்கு முன்போ, பில் கொடுத்தாக வேண்டும் என்கிறது அது. வாரந்தோறும் கணக்கு முடித்துப் பணம் வாங்குகிறவருக்கு வார பில்தான் வழி.

வாரம் எந்தக் கிழமையில் முடிய வேண்டும்

இந்த ஒன்றை மட்டும் நிதானமாக யோசியுங்கள். மற்றவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இதை மாற்றினால் எல்லா வாடிக்கையாளருக்கும் அரை வார பில் ஒன்று போட்டுத்தான் மாற்ற முடியும்.

ஞாயிறு தொடங்கிச் சனி முடியும் வாரம்தான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்படி வைத்தால் பில் சனிக்கிழமை மாலை உருவாகும். அதற்குள் கம்பெனியில் சம்பளப் பட்டுவாடா முடிந்து, கல்லாப் பெட்டியைப் பூட்டியிருப்பார்கள். உங்கள் பில் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். ஒரு வாரக் கடன் என்று நீங்கள் நினைத்தது இரண்டு வாரமாகிவிடும், அதில் யாருடைய தப்பும் இருக்காது.

வாடிக்கையாளரின் அலுவலகத்தில் பில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வியாழனன்று கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் பில்லை எடுத்து, வாட்ச்மேனின் கேட் ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால் வவுச்சர் கட்டு போகும். சனிக்கிழமை பணம் போகும். ஆகவே வியாழன் காலையில் பில் அந்தப் பெண்ணின் மேசையில் இருக்க வேண்டும், உங்கள் வாரம் புதன் இரவோடு முடிய வேண்டும். வியாழன் முதல் புதன் வரை ஒரு வாரம், வியாழன் காலை பில், சனிக்கிழமை கெடு. சனிக்கிழமை சம்பளம் போடும் ஊர் எதற்கும் இந்த அமைப்பு ஒத்துவரும். ஈரோட்டு ஜவுளிக் கடைக்காரருக்குச் செவ்வாய்ச் சந்தை முடிந்து புதனன்று கையில் காசு இருக்கும் என்றால், அவருக்கு வாரத்தைத் திங்களில் முடித்துச் செவ்வாயில் பில் போடுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஒரு கிழமை என்று வைத்தால், எந்த நாளில் யாருடைய கணக்கு முடிகிறது என்பதை உங்கள் வண்டி ஓட்டுநராலேயே நினைவில் வைத்திருக்க முடியாது.

கெடு சனிக்கிழமை என்பதில் ஒரு கொசுறு. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை. அன்று வாங்கும் காசோலை திங்களன்றுதான் வங்கிக்குள் போகும். வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடுகிறது. காசோலைக்காரர்களை மெல்ல அந்தப் பக்கம் திருப்புங்கள்.

மாத விலையை வார விலையாக்குவது

மாதம் 1,000 ரூபாய் வாங்கிய இடத்தில் நான்கால் வகுத்து வாரம் 250 என்று போட்டுவிடுவார்கள். ஆண்டுக்கு 52 வாரம். 250 வீதம் 13,000 ஆகிறது, பழைய கணக்கில் 12,000தான். சரியான வகுத்தல், 1,000-ஐ 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுப்பது: 230 ரூபாய் 77 காசு. விலையை ஏற்ற வேண்டும் என்றால் ஏற்றுங்கள், ஆனால் சொல்லிவிட்டு ஏற்றுங்கள். வகுத்தலுக்குள் ஒளித்து ஏற்றினால் கணக்குப் பிரிவு மூன்றாவது வாரத்தில் கண்டுபிடித்துவிடும்.

ஆண்டில் நான்கு மாதங்களுக்கு, சில ஆண்டுகளில் ஐந்து மாதங்களுக்கு, ஐந்து வியாழன் வரும். “போன மாதத்தைவிட இந்த மாதம் ஏன் அதிகம்?” என்ற கேள்வியும் அப்போது வரும். ஒவ்வொரு பில்லிலும் பொருளின் பெயருக்குக் கீழே தேதிகள் தெளிவாக இருந்தால் பதில் சொல்லும் வேலை மிச்சம்.

பொருள், வரி, பில் எண்

மென்பொருளில் பொருள் பட்டியலைத் திறந்து நான்கு உருப்படிகள் செய்யுங்கள்: நிலையான வாரக் கேன், கூடுதல் கேன், டிஸ்பென்சர் வார வாடகை, காலி கேன் முன்பணம். முதல் இரண்டும் ஒரே தண்ணீர்தான், எச்எஸ்என் என்ற பொருள் வகைக் குறியீடும் ஒரே 2201தான். இருந்தும் தனித்தனியாக வையுங்கள். சந்தா அளவைத் தாண்டி யார் வாங்குகிறார்கள் என்பது அப்போதுதான் அறிக்கையில் தெரியும். சித்திரை வெயிலுக்கு முன்பே சந்தா அளவை உயர்த்திப் பேச அந்த எண்ணிக்கை வேண்டும்.

20 லிட்டர் கேனுக்கு வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டிஸ்பென்சர் வாடகை என்பது சேவை, அதற்கு 18 சதவீதம். இரண்டையும் ஒரே உருப்படியாகக் கலந்து ‘தண்ணீர் சப்ளை’ என்று போடாதீர்கள். வாடகை வாங்குவதால் வரும் இன்னொரு விளைவையும் பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம். சேவையும் சேர்ந்துவிட்டால் வரம்பு 20 லட்சம். பதிவு இல்லாத சிறு சப்ளையர் பத்து டிஸ்பென்சரை வாடகைக்கு விடுமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தைத் தன் கையிலிருந்து வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது. அவர் கொடுக்க வேண்டியது ‘பில் ஆஃப் சப்ளை’, மென்பொருள் அமைப்பில் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

காலி கேனுக்கு வாங்கும் முன்பணம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். அது விற்பனை அல்ல, வரியும் இல்லை. கேன் திரும்பி வராமல் அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளும்போதுதான் அது விலையாக மாறும். எனவே இந்த உருப்படியை வருமானக் கணக்கில் சேர்க்காமல் கடன்பாட்டுக் கணக்கில் சேருங்கள். வார பில்லிலும் கொண்டுவராதீர்கள். சேரும்போது ஒருமுறை வாங்கித் தனி ரசீது கொடுத்தால் போதும்.

பில் எண்ணுக்கு ஜிஎஸ்டி விதி 46 போட்டிருக்கும் கட்டுப்பாடு எளிமையானது: 16 எழுத்துக்கு மேல் கூடாது, வரிசை விடக் கூடாது, நிதியாண்டுக்குள் ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது, எழுத்தும் எண்ணும் தவிர இடைக்கோடும் சாய்கோடும் மட்டும் வரலாம். 26-27/00001 என்று தொடங்கினால் ஆண்டும் தெரியும், இலக்கமும் போதும். வார பில்லுக்கும் மாத பில்லுக்கும் தனித்தனி வரிசை வைக்க விதி இடம் கொடுக்கிறது. நான் ஒரே வரிசையையே பரிந்துரைப்பேன். வரிசை இரண்டானால் விடுபட்ட எண்ணைத் தேடும் வேலையும் இரண்டாகும்.

மென்பொருளில் அமைப்பது

முதல் வேலை நேர மண்டலம். நிறுவன அமைப்பில் ஆசியா/கொல்கத்தா இருக்கிறதா என்று பாருங்கள். வேறு நாட்டு நேரத்தில் இருந்தால் பில் உருவாகும் நேரம் நம் கடிகாரத்தோடு ஒட்டாமல், புதன் தேதியிட்டே வியாழன் பில் வந்து நிற்கலாம்.

சோஹோ புக்ஸ் வைத்திருப்பவர்கள் விற்பனைப் பகுதியில் ‘ரெக்கரிங் இன்வாய்ஸ்’ என்பதைத் திறந்து புதிய ஒன்றைத் தொடங்க வேண்டும். வாடிக்கையாளர், அதற்கு ஒரு பெயர், ‘ரிப்பீட் எவ்ரி’ என்ற இடத்தில் ‘வீக்’. அடுத்து ‘ஸ்டார்ட் ஆன்’. எந்தக் கிழமையில் தொடங்குகிறீர்களோ அந்தக் கிழமையில்தான் ஒவ்வொரு வாரமும் பில் பிறக்கும். ஆகவே முதல் தேதி வியாழனாக இருக்கட்டும், அதற்கு முந்தைய புதன் வரையிலான வாரத்துக்கு அது பில். கடந்துபோன தேதியைப் போடாதீர்கள். ஒப்பந்த முடிவு தேதி இல்லை என்றால் ‘நெவர் எக்ஸ்பயர்ஸ்’. கெடுவுக்குப் பேமென்ட் டெர்ம்ஸில் 2 நாள் என்று சொந்தமாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வியாழனுடன் இரண்டு கூட்டினால் சனி.

பில்லைத் தானாக அனுப்பவா, வரைவாக வைக்கவா என்று மென்பொருள் கேட்கும் இடத்தில் பலர் அவசரப்பட்டு ‘அனுப்பு’ என்பதைத் தொட்டுவிடுகிறார்கள். மாறாத தொகை என்றால் அனுப்பலாம். தையல் இயந்திரப் பராமரிப்புக்கு வாரம் 500 ரூபாய் என்று பேசியிருந்தால் அதில் திருத்த ஒன்றுமில்லை. தண்ணீர் கேன் அப்படியல்ல, வரைவாகத்தான் உருவாக வேண்டும். காலை ஏழு மணிக்கு வரைவுகள் தயாராக நிற்கும், கூடுதல் கேன் எண்ணிக்கையை நிரப்பிவிட்டு ஒன்பது மணிக்குள் அனுப்பிவிடலாம்.

இஆர்பிநெக்ஸ்ட் திறந்த மூல மென்பொருள், சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம். அதில் முதலில் ‘சப்ஸ்கிரிப்ஷன் பிளான்’ ஒன்று செய்து, இடைவெளியில் ‘வீக்’, எண்ணிக்கையில் 1 என்று போட வேண்டும். பிறகு வாடிக்கையாளரின் சப்ஸ்கிரிப்ஷனில் அந்தப் பிளானைச் சேர்க்க வேண்டும். பில் எப்போது உருவாக வேண்டும் என்ற இடத்தில் காலத்தின் தொடக்கமா முடிவா என்று கேட்கும். முன்கூட்டிப் பணம் வாங்கும் காய்கறிக் கூடைக்குத் தொடக்கம், கொடுத்து முடித்துப் பணம் வாங்கும் தண்ணீருக்கு முடிவு. உருவான பில்லைத் தானாகச் சமர்ப்பிக்கும் தேர்வுப் பெட்டியைக் காலியாக விட்டால் வரைவாக நிற்கும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் ஷெட்யூலர் சர்வரில் ஓடாவிட்டால் இவற்றில் எதுவும் நடக்காது, அதை முதல் நாளே உறுதிப்படுத்துங்கள்.

டேலியிலேயே இருப்பவர்கள் போன வார விற்பனை வவுச்சரை ஆல்ட் விசையுடன் 2 அழுத்தி நகலெடுத்து, தேதியையும் எண்ணிக்கையையும் மாற்றிப் பதிவு செய்கிறார்கள். 20 வாடிக்கையாளர் வரை இது போதும். அதற்கு மேல் கை சலித்துவிடும்.

விற்றுமுதல் 2017-18 முதல் எந்த ஆண்டிலாவது 5 கோடியைத் தாண்டியிருந்தால், பதிவு பெற்ற வாங்குபவருக்கான ஒவ்வொரு பில்லும் இ-இன்வாய்ஸாக, அதாவது அரசுத் தளத்தில் பதிவாகி, போக வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் இதுதான் வரம்பு. இவர்கள் தானியங்கி அனுப்புதலைப் பக்கத்திலேயே சேர்க்கக் கூடாது. அந்தத் தளம் தரும் ஐஆர்என் என்ற பதிவு எண்ணை வாங்கும் முன்பே பில் வாடிக்கையாளருக்குப் போய்விட்டால் அது செல்லாது. இ-இன்வாய்ஸ் தளத்தில் பில் எண் சுழியத்திலோ கோட்டிலோ தொடங்கக் கூடாது என்பதையும் எண் வரிசை அமைக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை பில்களை உண்மையான கணக்கில் போட வேண்டாம், வரிசை எண்கள் வீணாகும். சோதனைக்கென்று தனி நிறுவனம் ஒன்றை மென்பொருளில் தொடங்கி, அதில் மூன்று பேருக்கு அமைத்து இரண்டு வியாழன் ஓடவிட்டுப் பாருங்கள்.

வண்டி நோட்டும் வியாழன் காலையும்

மென்பொருளுக்கு எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது? வண்டி நோட்டிலிருந்து. ஈரக் கையோடு எழுதிய அந்த நோட்டின் பக்கங்கள் பாதி நாளில் ஊறி ஒட்டிக்கொண்டிருக்கும், மூன்றையும் எட்டையும் பிரித்தறியத் தனிக் கண் வேண்டும். வார பில் நிலைக்குமா நிலைக்காதா என்பது இந்த நோட்டில்தான் இருக்கிறது.

நோட்டில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் நான்கு விவரம் இருக்கட்டும்: தேதி, இறக்கிய நிறைகேன், எடுத்த காலிகேன், வாட்ச்மேன் கையெழுத்து. காலிகேனை எழுதாமல் விடுவதுதான் வழக்கமான ஓட்டை. பில்லில் அது வராது என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆறு மாதம் கழித்து 40 கேன் எங்கே போனது என்று தேடும்போது நோட்டில் பதில் இருக்காது. மென்பொருளில் காலிகேனுக்கு ஒரு தனிப் பதிவுப் பெட்டி வைத்து, பில்லின் அடியில் ‘உங்களிடம் உள்ள கேன்’ என்று அச்சாகச் செய்துவிட்டால் வாடிக்கையாளரே எண்ணிச் சொல்லிவிடுவார்.

புதன் இரவு கடைசி வண்டி திரும்பியதும் நோட்டைப் படம் எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். வியாழன் காலை வரைவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து நிரப்பலாம். இப்படி ஒரு பில்: வாரம் 30 கேன், கேனுக்கு 40 ரூபாய் என்றால் 1,200. கூடுதல் 6 கேன், 240. இரண்டு டிஸ்பென்சர், ஒன்றுக்கு 50 வீதம் 100. தண்ணீருக்கு 1,440-இல் 5 சதவீதம் 72. வாடகைக்கு 18. மொத்தம் 1,630. வரி 90-இல் மத்திய ஜிஎஸ்டி 45, மாநில ஜிஎஸ்டி 45. வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குப் போகும் கேன் என்றால் அந்த 90 முழுவதும் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான வரி. இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டு மென்பொருள் காட்டும் தொகையோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டால், பிறகு கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

பொருள் விவரத்தில் ‘கேன் சப்ளை’ என்று மட்டும் விடாதீர்கள். ‘வியாழன் முதல் புதன் வரை’ என்று இரண்டு தேதிகளும், கூடுதல் கேன் எந்தெந்த நாளில் இறங்கியது என்ற குறிப்பும் இருந்தால் கேட் ரெஜிஸ்டரோடு ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். இல்லாவிட்டால் போன் வரும். “ஏனுங்க, மூன்று நாள் கம்பெனியே திறக்கவில்லையே, 36 கேன் எப்படி இறக்கினீர்கள்?” என்று கணக்குப் பிரிவுப் பெண் கேட்கும்போது, பில் ஒப்புதலாகாமல் வெள்ளிக்கிழமைக் கட்டில் சேராமல் நின்றுவிட்டது என்று பொருள்.

பணம் வரும் வழி

கொங்குப் பக்கத்து வாடிக்கையாளர்கள் பில் தொகையைச் சில்லறையோடு போடுவது அபூர்வம். 1,630-க்கும் அதற்கு முந்தைய வாரத்து 1,378-க்கும் சேர்த்து “மூவாயிரம் போட்டிருக்கிறேன், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். அதை எந்த பில்லில் வரவு வைப்பது? பழைய பில்லிலிருந்து தொடங்கி வரிசையாகக் கழித்துக்கொண்டு வருவது என்று ஒரே விதியாக வையுங்கள். 1,378 முழுதும் தீர்ந்து, புதிய பில்லில் 1,622 கழிந்து, 8 ரூபாய் நிலுவை நிற்கும். அந்த 8 ரூபாயைத் தள்ளுபடி செய்யத் தோன்றும். வாரம் 8 ரூபாய் வீதம் தள்ளினால் வருடத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு 400 ரூபாயைத் தாண்டும், நிலுவையாகவே ஓடவிடுங்கள். கூடுதலாகப் போட்டால் முன்வரவாக வைத்து அடுத்த பில்லில் கழியுங்கள். பில்லின் அடியில் முன்பாக்கி, இந்த வாரம், வரவு, மொத்தம் என்ற நான்கு வரியும் அச்சாகட்டும். பழைய சிட்டைக் கணக்கில் எல்லோரும் பார்த்துப் பழகிய அமைப்பு அது, கேள்வி கேட்க மாட்டார்கள்.

தானாகப் பணம் எடுக்க யுபிஐ ஆட்டோபே உண்டு, வார இடைவெளியும் அதில் இருக்கிறது. தொகை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் அதிகபட்ச வரம்பாக ஒப்புதல் வாங்குங்கள். வழக்கமான பில் 1,600 என்றால் வரம்பு 3,000. ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்காமல் எடுக்கலாம், ஆனால் 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்கு அறிவிப்புப் போயாக வேண்டும். வியாழன் பில், சனி வசூல் என்ற இடைவெளியில் அந்த அறிவிப்புக்கு இடம் தாராளமாக இருக்கிறது. இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டிய கம்பெனிக் கணக்குகளுக்கு இது சரிப்படாது. அவர்களுக்கு நெஃப்டும், பில்லில் அச்சிட்ட கியூஆர் குறியும் போதும்.

நினைவூட்டலை வெள்ளி மாலை ஒன்று, திங்கள் காலை ஒன்று என்று வையுங்கள். சனிக்கிழமை மதியம் அனுப்பாதீர்கள். சம்பளம் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அது எரிச்சல்.

உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளராக இருந்தால் அந்த எண்ணை பில்லில் அச்சிடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, கெடு தாண்டிய தொகையைக் கட்டி முடிக்கும் வரை வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. இது வெறும் வாங்கி விற்பவருக்குப் பொருந்தாது. மார்ச் மாதத்தில் ஆடிட்டர்களே உங்கள் பில்லைத் தேடிக்கொண்டு வருவதற்கு இந்தச் செலவுக் கட்டுப்பாடுதான் காரணம்.

நோம்பி, பாதி வாரம், விலை மாற்றம்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருப்பூர் காலியாகிவிடும். வெளியூர்த் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு வாரமாவது ஆகும். உள்ளூர் மாரியம்மன் நோம்பிக்குத் தனி விடுமுறை. கம்பெனி பூட்டிய வாரத்தில் 30 கேனுக்கு பில் போனால் சண்டை நிச்சயம். சந்தாவை நிறுத்தி வைக்கும் வசதி மென்பொருளில் இருக்கும். அதைவிட, வரைவாக வைத்திருந்தால் எண்ணிக்கையைச் சுழியமாக்கி வாடகையை மட்டும் அனுப்பலாம். விடுமுறை வாரத்துக்கு வாடகை உண்டா இல்லையா என்பதைச் சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தி வைத்துத் திரும்பத் தொடங்கினால் அடுத்த பில் தேதி வியாழனாகவே இருக்கிறதா என்று பாருங்கள். சில மென்பொருள்கள் தொடங்கிய கிழமையைப் பிடித்துக்கொள்கின்றன.

சனிக்கிழமை புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்த வாரம் ஐந்து நாள். வாடகையை ஏழில் ஐந்து பங்காகப் போடலாம். கேனுக்கு இந்த வகுத்தல் வேண்டாம், இறக்கிய எண்ணிக்கைக்கு மட்டும் போடுங்கள். மென்பொருளின் தானியங்கிப் பங்கீட்டை அணைத்துவிடுவதே நல்லது. ஞாயிறு வண்டி ஓடாது என்பது அதற்குத் தெரியாது.

விலை அல்லது வரி மாறும்போது பொருள் பட்டியலில் மாற்றினால் மட்டும் போதாது. வாரந்தோறும் பில் உருவாக்க நீங்கள் அமைத்த வார்ப்பு (ரெக்கரிங் இன்வாய்ஸ்) ஒவ்வொன்றும் பழைய விலையைத் தன்னுள் வைத்திருக்கலாம், திறந்து பார்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 திங்கட்கிழமை, வாரத்தின் நட்டநடு. அப்படிப்பட்ட வாரத்தில் எந்த விகிதம் என்பதைச் சரக்கு கொடுத்த நாள், பில் தேதி, பணம் வந்த நாள் மூன்றையும் வைத்துச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு முடிவு செய்கிறது. தானியங்கியை அந்த ஒரு வாரத்துக்கு நிறுத்திவிட்டு ஆடிட்டரைக் கேட்டுக் கையால் போடுவதே பாதுகாப்பு.

எண்ணிக்கை தவறிய பில் வெளியே போய்விட்டால் அழிக்காதீர்கள். வரிசையில் ஓட்டை விழும். தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் போட்டு, எந்த பில்லுக்கு என்று எண்ணைக் குறிப்பிடுங்கள். இ-இன்வாய்ஸ் என்றால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், அதன் பிறகு கிரெடிட் நோட்தான்.

மார்ச் கடைசி வாரம்

2026-இல் மார்ச் 31 செவ்வாய். வியாழன் முதல் புதன் வரை என்ற வாரத்தில் ஆறு நாள் பழைய நிதியாண்டிலும் ஒரு நாள் புதிய நிதியாண்டிலும் விழுந்தன. 2027-இல் அது புதன்கிழமை, வாரம் சரியாக முடிகிறது, ஆனால் வழக்கமான பில் தேதி ஏப்ரல் 1. இரண்டுக்கும் ஒரே வழிதான். அந்த வாரத் தானியங்கியை நிறுத்தி, மார்ச் 31 தேதியிலேயே அதுவரையிலான கேன்களுக்குக் கையால் பில் போட்டு, பழைய எண் வரிசையை முடித்துவிட வேண்டும். மிச்ச நாள் இருந்தால் அது ஏப்ரலின் முதல் பில்லோடு சேரட்டும். எண் வரிசையின் முன்னொட்டை ஏப்ரல் 1 காலையிலேயே மாற்றுங்கள், வியாழன் வரை காத்திருக்க வேண்டாம்.

மற்ற மாதக் கடைசிகளில் வெட்ட வேண்டியதில்லை. பில் தேதி எந்த மாதத்தில் விழுகிறதோ அந்த மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் அது ஏறும், மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது.

ஒருவர் சந்தாவை நிறுத்தினால்

கம்பெனி இடம் மாறும், வேறு சப்ளையர் வருவார். நிறுத்தச் சொன்ன அன்றே வார்ப்பை அழிக்காமல் முடிவு தேதியை மட்டும் போடுங்கள், பழைய பில்களின் தொடர்பு அறுந்துபோகாது. கடைசி பில்லை வியாழன் வரை காத்திருக்காமல் கடைசி இறக்கத்தன்றே போட்டுவிடுங்கள். காலிகேனையும் டிஸ்பென்சரையும் எண்ணி எடுத்து, குறைந்த கேனுக்கான விலையை வரியோடு தனி பில்லாகப் போட்டு முன்பணத்தில் கழித்து, மிச்சத்தை நெஃப்டில் திருப்பி அனுப்புங்கள். நிலுவை சுழியம் என்று காட்டும் கணக்குச் சீட்டை அவருக்கும் ஆடிட்டர் கோப்புக்கும் ஒவ்வொன்று எடுத்துவைத்துவிட்டு, வண்டி நோட்டில் அவர் பெயரை அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் திங்களன்று பழக்கதோஷத்தில் ஓட்டுநர் அங்கே கேன் இறக்கிவிட்டு வந்துவிடுவார்.